மூன்று வரிக்கு மிகாத சொந்தப் பொருள்

பழம்பாடல்களுக்குப் பொருள் சொல்லும் உரிமையை உரையாசிரியர்களிடமிருந்து பறித்துப் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவிடம் ஒப்படைத்த நாள், உலக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது. "மாணவர் கலந்துரையாடித் தமக்கெனச் சொந்தப் பொருள் காண்க, மூன்று வரிக்கு மிகாமல்" என்று சுற்றறிக்கை வந்தது.

செய்யுள் டீச்சர் ஆறு வருடமாகத் தற்காலிகம். பார்வையிட வரும் அதிகாரி மகிழ்ந்தால் வேலை நிரந்தரம். ஆகவே 'தன்னியல்பான' கலந்துரையாடலுக்கு இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. யார் வியப்பது, யார் மறுப்பது, மறுத்தவர் எப்போது மனம் மாறுவது என்று பட்டியலே போட்டார்.

பாடல், விளக்கேற்றிவிட்டு வாசலையே பார்த்து நிற்கும் மனைவியைப் பற்றியது. அதிகாரி வந்து உட்கார்ந்ததும் வியக்க வேண்டியவனுக்கு வியப்பு மறந்துபோனது. மறுக்க வேண்டியவள் திருதிருவென்று விழித்தாள். டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பட்டியலில் இல்லாத கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"அவங்க ஆசையா நிக்கல டீச்சர், பயந்துபோய் நிக்கிறாங்க. எங்கப்பா வர்ற நேரத்துக்கு அம்மாவும் இப்படித்தான் நிப்பாங்க. செருப்புச் சத்தத்த வச்சே இன்னிக்கு அடி விழுமான்னு சொல்லிடுவாங்க."

டீச்சர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்.

"பிரமாதம்!" என்றார் அதிகாரி. "எத்தன வரி வரும்?"

"மூணு சார்," என்றார் டீச்சர்.

"சுற்றறிக்கைப்படியே இருக்கே!"

சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் வீட்டு நிலவரம் கேட்க வேண்டும் என்று டீச்சர் உண்மையாகவே நினைத்தார். அதற்குள் நிரந்தரப் படிவம் வந்துவிட்டது, நான்கு பிரதிகளில்.

அவள் சொன்னது 'மாதிரிச் சொந்தப் பொருள்' என அச்சாகிப் பள்ளிதோறும் போனது. ஆண்டுத் தேர்வில் வகுப்பே தத்தம் அப்பாவின் செருப்புச் சத்தத்துக்கு நடுங்கியது. தலைமையாசிரியரின் மகனும் நடுங்கி முழு மதிப்பெண் வாங்கினான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் வேறு எழுதியிருந்தாள்: "எங்கள் வாசலில் இப்போது அம்மா நிற்பதில்லை. அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. செருப்புச் சத்தத்தை இப்போது நான் கேட்கிறேன்."

டீச்சருக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விடைக்குறிப்பைப் பார்த்தார். அம்மா நிற்றல், இரண்டு. அம்மாவின் பயம், இரண்டு. செருப்பு, ஒன்று. நியாயம் தவறாமல் செருப்புக்கு ஒன்று போட்டார்.

விடைத்தாளோடு அவள் வந்து நின்றாள். "எது டீச்சர் தப்பு?"

"அம்மா வாசல்ல நிக்கணும்மா. மாதிரியில அப்படித்தானே இருக்கு."

"அன்னிக்கு நான் சொன்னதும் யாராவது வீட்டுக்கு வந்து பாத்திருந்தா, இன்னும் நின்னிருப்பாங்க டீச்சர்."