இடி அண்ணாச்சியின் லாரியும் வலது காதும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால், அதற்குப் பதில் சொல்லும் அளவுக்குத் தொண்டை உள்ள ஒரே மனிதர் எங்கள் இடி அண்ணாச்சிதான். பிள்ளைகளே, இதில் கொஞ்சம்தான் பொய்.

அவருக்கும் எனக்கும் உப்பு லாரி ஓட்டுகிற வேலை. அவருடையது பழைய வண்டி. இன்ஜின் கேபினுக்குள்ளேயே, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு தகர மூடிக்கு அடியில் இருந்து உறுமும். இருபது வருடம் அதன் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் கத்தித்தான் பேச வரும். டீக்கடையில் அவர் "சீனி கம்மி" என்றால் அடுத்த தெருக் கடையிலும் சீனியைக் குறைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏலே, இடது காது போயிட்டாம்ல. வலதும் போனா லைசென்ஸ் கெடையாதாம்." ரகசியம் சொல்வதாக அவர் நினைப்பு. லாரி ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

"வேற வண்டி பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

"காத மாத்தச் சொல்லு, மாத்துதேன். வண்டிய மாத்தச் சொல்லாத."

மறுநாளே, மீன் கம்பெனிக்காரர்கள் வீசிய தெர்மாகோல் பெட்டிகளை உடைத்து, சத்தத்தை அடக்கக் கேபின் முழுக்க ஒட்டினார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் இன்ஜின் சூட்டில் அது உருகி, செருப்போடு ஒட்டிக்கொண்டது. சத்தம் குறையவில்லை. மீன் வாடைக்கு எடைமேடையில் பூனைகள் வரிசை கட்டின. "எடை போடுறது உப்புக்கா, பூனைக்கா?" என்று கேட்டார் எடைமேடைக்காரர்.

அடுத்து உப்புச் சாக்கு. பத்து மடிப்பாகத் தரையில் விரித்தார். சத்தம் உண்மையிலேயே கொஞ்சம் அடங்கியது. ஆனால் சாக்கில் ஒட்டிய உப்பு கடற்காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பது, உப்பளத்திலேயே வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் தரைத் தகரம் துருப்பிடித்து, பிரேக் பக்கத்தில் ஓட்டை விழுந்தது.

அண்ணாச்சி குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார். "ரோடு நல்லாத்தாம்ல போட்டிருக்கான்."

கடைசியில் சீட் கவர் கடை பாயிடம் போனோம். "மொதல்ல ஓட்டைய அடைங்க அண்ணாச்சி. சத்தமும் சூடும் அது வழியாத்தான் உள்ள வருது. பெறகு தகரத்தத் தட்டிப் பாருங்க. எங்கன 'டங்'குங்குதோ அங்கன, அதிர்வ அமுக்குத தார் ஷீட் ஒட்டணும்" என்றார் பாய்.

பாய் கடையில் அப்படியே செய்தார்கள். தரைக்கு வெல்டிங், கியர் கம்பியைச் சுற்றி ரப்பர், தகரத்துக்குத் தார் ஷீட், அதன்மேல் கனத்த கம்பளி, கூரைக்கு உள்ளே வெள்ளித்தாள். ஓட்டப்பிடாரத்துக்கு முதல் லோடு போனபோது நானும் ஏறிக்கொண்டேன். உச்சி வெயிலிலும் கால் சுடவில்லை. பாதி வழியில் அண்ணாச்சி பதறி வண்டியை ஓரம் கட்டினார்.

"இன்ஜின் நின்னுட்டுல்லா?"

"ஓடிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி."

இன்ஜின் மூடியில் கையை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

ஆறு மாதம் கழித்து டாக்டர், வலது காது இருந்தபடியே இருக்கிறது என்றார். லைசென்ஸையும் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே மிச்சம் இருந்த தார் ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் லாரியில் ஏறினார்.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி? என் காது நல்லாத்தான இருக்கு."

"எனக்கும் நல்லாத்தாம்ல இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு, தகரத்தைத் தட்டித் தட்டி ஒட்ட ஆரம்பித்தார்.

அது நடந்து எத்தனையோ லோடு ஓட்டியாயிற்று. இன்றும் அடுக்களையில் இருந்து என் சின்ன மகள் மெல்ல "அப்பா" என்றால், முதல் தடவையே எனக்குக் கேட்டுவிடுகிறது.