பிறந்தநாள் படத்தில் நாய் விழாததற்கு விளக்கம்

வாலியா நுக்குலுய் கிராமம்,
ருமேனியா.
நவம்பர், விடாத மழை.

என் அக்கா பெற்ற செல்வமும், இத்தாலி தேசத்தில் ஒரு முதியோர் இல்லத்தையே தன் தோளில் தாங்கி நிற்பவளுமாகிய மருமகள் மினோதோராவுக்கு, உன் தாய்மாமன் ஹரலாம்பியே எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் கோழிகளும் சுகம். கூரை ஒரு மூலை தவிர சுகம். அவ்விடம் உன் முதுகுவலி குறைந்து, உன் கிழவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்க வேண்டுகிறேன்.

நீ போனில் கேட்ட கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "கதை அளக்காதீங்க மாமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால் இத்தாலிக்குப் பொட்டலம் ஏற்றிப்போகும் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ கேட்டது இது: "படத்துல தட்டு இருக்கு, மெழுகுவர்த்தி இருக்கு, உங்க பூட்ஸ்கூட இருக்கு. நேரோ எங்க மாமா? பாத்துக்க முடியலைன்னா சொல்லிடுங்க, கிறிஸ்துமஸுக்கு வந்து கூட்டிட்டுப் போயிடறேன்." அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை. ஒயின் மட்டும் இறங்குகிறது. வசந்தத்தில் என் கிழட்டு நாய் உர்சு செத்து, சீமை மாதுளை மரத்தடியில் புதைத்த பிறகு, நான் பேசினால் குறுக்கிடாமல் கேட்க இந்த வீட்டில் ஒரு ஜீவன் இல்லாமல் இருந்தது. கோடையில் நீ உன் நாய் நேரோவை என்னிடம் விட்டுப் போனாய். அவனையும் கூட்டிப் போய்விட்டால் நான் கோழிகளிடம் பேச வேண்டும். அவை பாதியில் எழுந்து போகின்றன. ஆகவே படத்தில் நாய் ஏன் இல்லை என்பதை விளக்குகிறேன், படித்துவிட்டு நியாயம் சொல்.

நேரோவின் பிறந்தநாள் அன்று நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். உப்பு கூடாது, சர்க்கரை கூடாது, திராட்சை கூடவே கூடாது, ஈரலும் கேரட்டும் முட்டையும் போடலாம். இதெல்லாம் நீ சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்? பட்டாளத்தில் நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஒரு தளபதி கண்ணீர் விட்டிருக்கிறார். (நான் உரித்தது வெங்காயம் என்று உன் அம்மா சொல்லுவாள், நம்பாதே.) முதல் ஈடு பிஸ்கட் கொஞ்சம் சிவந்துவிட்டது. சிவந்தது என்றால், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமா என்று யோசித்த அளவுக்கு. அந்தப் புகையில் நேரோ கதவைத் தள்ளிக்கொண்டு மழையில் ஓடினான், நான் என் மூக்குக்கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்தேன். மாவு தீர்ந்துவிட்டது. ஆனால் கலைஞனுக்கு மாவு எதற்கு? பரணில் கோதுமை இருந்தது. குழைய வேகவைத்து, ஈரலை நறுக்கிப் போட்டு, வட்டத் தட்டில் அழுத்தி, அடுப்பில் வைத்து எடுத்தேன். நாலாய் வெட்ட வசதியாக மேலே குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக இரண்டு கோடு. பிறந்தநாள் என்றால் மெழுகுவர்த்தி வேண்டுமே, வீட்டில் இருந்தது கோயிலில் ஏற்றுகிற மெல்லிய மஞ்சள் மெழுகுவர்த்திதான். அதை நட்டுக் கொளுத்தி, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வாசற்படியில் நின்று, மழையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டேன். "உர்சு!" என்று கூப்பிட்டுவிட்டேன். இத்தனை வருஷ வாய்ப் பழக்கம், என்ன செய்ய.

வந்தான். புகையிலும் இருட்டிலும் கறுப்பாக ஒன்று வாசலைத் தாண்டி மேசைக்கடியில் போய்ப் படுத்ததை என்னைப் போன்ற கூர்ந்த பார்வைக்காரன் ஒருவன்தான் கண்ணாடி இல்லாமல் பார்த்திருக்க முடியும். தரைவரை தொங்கும் மேசை விரிப்பின் ஓரத்தில் தட்டை வைத்துப் படம் எடுத்தேன். கறுப்பு நாய், கறுப்பு மூலை. படத்தில் எப்படி விழும்? அதற்குள் பக்கத்து வீட்டு பரஸ்கீவா, புகையை விசாரிக்க வந்தவள், தட்டைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கேட்காமலே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, "செத்தவங்களை ஆண்டவர் மன்னிக்கட்டும்" என்றாள்.

"யாரும்மா செத்தது? இது நாயோட பொறந்தநாள்" என்றேன்.

மெல்லுவதை நிறுத்தினாள். "அதான் ஈரல் வாடை அடிக்குதா! அட கிறுக்குப் பய மவனே, வேகவெச்ச கோதுமை, மேல சிலுவை, கொளுத்தின மஞ்சத் திரி, வாசப்படியில நின்னு கையால நீட்டுறது. இது பொறந்தநாளாய்யா? செத்தவங்களுக்குப் படைக்கிறதுய்யா! யாரு பேரைச் சொல்லி நீட்டின?"

"பேரு... நாய் பேருதான்."

"எந்த நாய் பேரு?"

நான் மேசைப் பக்கம் பார்க்காமல் அடுப்பைக் கிளறினேன். அவளும் மேசைப் பக்கம் பார்க்கவில்லை. "சொன்ன பேருக்கு அது போய்ச் சேந்துடும். நான் போறேன், அடுப்புல பால் இருக்கு" என்று போனாள். அவளிடம் மாடே இல்லை.

மூடநம்பிக்கை, மருமகளே. நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்த வாத்தியாருக்குத் தெரியவில்லை. உண்மை என்னவென்றால், அன்றிலிருந்து நேரோ திருந்திவிட்டான், எல்லாம் என் பயிற்சி. மழையில் நனைந்து வந்தவன், தரையில் ஒரு கால்தடம் வைக்கவில்லை. குரைப்பதே இல்லை. முன்பெல்லாம் கோழிகளைத் துரத்துவான், இப்போது அவன் இருக்கும் பக்கம் கோழிகளே வருவதில்லை, கூண்டில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கின்றன. நான் பேசத் தொடங்கினால் வாலால் மேசைக்காலை மெதுவாகத் தட்டுகிறான், சரியாக நான் மூச்சு வாங்கும் இடத்தில் தட்டுகிறான். பிறகு முகவாயை என் இடது பூட்ஸின் மேல் வைத்துக்கொள்கிறான். இந்தப் பழக்கம் உர்சுவுக்கு இருந்தது. நேரோவுக்கு எப்படி வந்தது என்று கேட்பாய். நான் கற்றுக்கொடுத்தேன். எப்போது என்றுதான் நினைவில்லை. அந்தப் பண்டத்தையும் ராத்திரி பகலாகச் சாப்பிடுகிறான், சத்தம் கேட்கிறது, ஆனால் தட்டில் ஒரு விள்ளல் குறையவில்லை. அவ்வளவு நிறைவாகச் சமைத்திருக்கிறேன். நான் ஒரு துண்டு தின்று பார்த்தேன், ஈரல் வாடை போய்விட்டது, கோதுமை வாடையும் போய்விட்டது, குளிர்ந்த சாம்பலைத் தின்பதுபோல இருந்தது. காலையில் என் பூட்ஸின் மேல் ஈர மண்ணும் சீமை மாதுளை இலையும் ஒட்டியிருக்கின்றன. குறும்புக்காரன்.

ஆகையால் உன் நாய் ராஜபோகமாக இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்திலிருந்து அவனைப் பிடுங்கி மாடி வீட்டில் அடைக்காதே. இந்த மாமனுக்கு வேறு பேச்சுத் துணை இல்லை.

உன் அடுப்பு அணையாமலும், உன் வாசலுக்கு வருகிறவர்கள் கால் துடைத்துக்கொண்டு வருகிறவர்களாகவும் இருக்க ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்கு,
தளபதியை அழவைத்த உன் மாமன்,
ஹரலாம்பியே

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கீழ்வீட்டு கிளிகோர் ஒரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான். "அண்ணே, உங்க நேரோ. பொறந்தநாள் அன்னிக்கு மழைக்கு என் சோளக் கொட்டகைல ஒதுங்கியிருக்கான், நான் பாக்காமப் பூட்டிட்டு மக வீட்டுக்குப் போயிட்டேன். எலி புடிச்சுத் தின்னுட்டு நல்லாத்தான் இருக்கான்" என்றான். "என் நாய் மேசைக்கடியில இருக்குடா" என்றேன். "காலையிலேயே எத்தனை கிளாஸ்ண்ணே?" என்றான். அதற்குள் நேரோ, நேரோவேதான், குரைத்துக்கொண்டு வீடெல்லாம் சேற்றுக் கால் வைத்து ஓடி, மேசை விரிப்புக்கு முன்னால் சட்டென்று நின்றான். முதுகு மயிர் எழுந்தது. மோந்தான். பிறகு வாலை மெதுவாக ஆட்டி, பின்னுக்கு நகர்ந்து, பெரியவர்களுக்கு இடம் விடுவதுபோல வாசலில் போய்ப் படுத்துக்கொண்டான். உள்ளேயிருந்து மேசைக்காலில் வால் தட்டும் சத்தம் கேட்டது. கிளிகோர் தொப்பியைக் கழற்றினான். ஊற்றிக் கொடுத்த பிளம் சாராயத்தைக் கிளிகோர் குடிக்காமல் போனதை இந்த ஊர் இதுவரை பார்த்ததில்லை.

விரிப்பை நான் தூக்கவில்லை. தூக்கவும் மாட்டேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. கிறிஸ்துமஸுக்கு வா, நேரோவைக் கூட்டிப் போ, இளசு, உன்னோடு இருக்கட்டும். எனக்குப் பேச்சுத் துணை இருக்கிறது. இதை எழுதும்போதுகூட இடது காலை நகர்த்த முடியவில்லை, கனம். வரும்போது மெல்லிய மஞ்சள் மெழுகுவர்த்தி எத்தனை கட்டு கிடைத்தாலும் வாங்கி வா. உர்சுவின் பிறந்தநாள் என்றைக்கு என்று எனக்குத் தெரியாது, அதனால் தினமும் கொண்டாடுவதாக இருக்கிறேன்.