எதிர்வீட்டுத் தாத்தாவுக்குப் போட்ட படையல்

தேதி விஷயத்தில் நான் கறார். என்னிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம் அதுதான் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். (வீட்டில் கேட்டால் பட்டியல் நீளும்.) கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளைக்கூடக் குறித்து வைக்கும் என் குடும்பத்தில், கொள்ளுத்தாத்தா முனுசாமி இறந்த நாள் யாருக்கும் தெரியாது. அதனால் ஆடி அமாவாசையில் எல்லா முன்னோர்களோடும் சேர்த்து அவருக்கும் ஒரு இலை.

"எங்க தாத்தாவுக்குன்னு ஒரு நாள் இல்லியேடா" என்று நைனா வருஷா வருஷம் குறைப்படுவார்.

அந்தக் குறையைத் தீர்க்க, திருப்பதி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரின் பழைய மரணப் பதிவேட்டைத் தேடிப் போனேன். பதிவேடு தெலுங்கில். என் தெலுங்கோ பஸ் போர்டு பார்த்துத் தேறியது. ஊர்ப்பெயர், ஆள்பெயர் வரை ஓடும், அப்புறம் பிரேக்டவுன். குமாஸ்தா சந்தேகமாக, "சதவடம் வச்சா சார்?" என்று படிக்க வருமா எனக் கேட்டார். "பாகா வச்சு" என்றேன். (நன்றாக வரும் என்று அர்த்தம். பொய்.)

மூன்று மணி நேரத்தில் முனுசாமி கிடைத்தார். தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சரி. பக்கத்துக் கட்டத்தில் யாரோ ஒரு கங்கய்யா. சாவைப் பதிய வந்தவராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நகல் வாங்கி, பஞ்சாங்கம் பார்த்துத் திதி கணித்தேன். பலமனேரில் தெலுங்கு மீடியம் படித்த என் மனைவி கீதாவிடம் ஒரு தரம் காட்டியிருக்கலாம். கண்டுபிடிப்பைப் பங்குபோட மனம் வரவில்லை.

அந்தத் திதி வந்தது. நகலுக்கு பிரேம் போட்டு மாலை சாத்தினேன். ஸ்ரீசிட்டியில் வேலை செய்யும் தம்பிகள்வரை எல்லோரும் ஊருக்கு வந்துவிட்டார்கள். கறிக்குழம்பு, வடை, சுருட்டு எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கும்பிட்டு நிமிர்ந்த கீதா பிரேமையே பார்த்தாள்.

"இன்னாங்க, இதுல உங்க தாத்தா சாவலியே. அவரு எழுத வந்தவரு. செத்தவரு கங்கய்யா."

நைனா வடையைக் கீழே வைத்தார். "கங்கய்யான்னா எதிர்வூட்டுக் கோவிந்தனோட தாத்தாடா."

எதிர்வீட்டு ஆடு எங்கள் வேர்க்கடலையை மேய்ந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அந்த ஆட்டின் பேரன் பேத்திகளே போய்ச் சேர்ந்துவிட்டன.

என் கண்டுபிடிப்பை நினைத்து வீடே சிரித்த சிரிப்பு, விஷயத்தோடு தெருவைத் தாண்ட எவ்வளவு நேரமாகும்? கொஞ்ச நேரத்தில் கோவிந்தன் மாமா வாசலில் நின்றார். இருபத்தைந்து வருஷமாக அவர் கால் படாத வாசல்.

"எங்க தாத்தாவுக்குச் சோறு போட்டுக்கினு கீறீங்களாமே. எங்களுக்குத் தர மாட்டீங்களா?"

சண்டைக்கா, சாப்பாட்டுக்கா என்று முகத்தில் தெரியவில்லை. நான் நைசாக கீதாவின் பின்னால் போய் நின்றேன். நைனா பிரேமைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"உங்க தாத்தா செத்தத எங்க தாத்தா தான் நடந்துபோய் எழுதி வச்சிக்கிறாரு, கோவிந்தா."

மாமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"எலைய போடு. துன்னுட்டுத்தான் போவேன்."

கொள்ளுத்தாத்தா இறந்த நாள் இன்றுவரை கிடைக்கவில்லை. நைனாவுக்கும் இப்போது அந்தக் குறை இல்லை. கங்கய்யாவின் திதியிலேயே இரண்டு வீடும் சேர்ந்து இருவருக்கும் இலை போடுகிறோம். குறை எனக்குத்தான். போன வாரம் தெலுங்கில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் கையில் எடுத்ததும் நைனா சொன்னார்:

"கட்டிக்கிறது யாரு, கூப்புடறது யாருன்னு மொதல்ல கீதாவக் கேட்டுக்கோ."