அறுபத்தாறு மாடல்

"நம்பர் தெரியுதாங்க?" மனைவி குனிந்து கேட்டாள்.

"துருதான் தெரியுது," என்றார் வண்டிக்கு அடியில் கிடந்த ஸ்டோர்கீப்பர்.

அப்பா விட்டுப்போன பழைய பிக்கப் வண்டி, ஷெட்டை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. ஸ்டோர்கீப்பருக்கு இந்த மாதக் கடைசியில் ரிட்டயர்மெண்ட். தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் நட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுத்து அலுத்துப்போனவர். இனி இந்த ஷெட்டில் ஒரு கட்டிலைப் போட்டுப் பகல் முழுக்கத் தூங்கவேண்டும். வேறு ஆசையே கிடையாது.

வண்டியை ஒரு மியூசியம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. எந்த வருஷத்து மாடல், எல்லாம் ஒரிஜினல்தானா என்று மட்டும் நிரூபிக்கவேண்டும். 'அறுபத்தாறு' என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டார். எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது.

கதவோரத் தகட்டில் நம்பர் மங்கியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்தார். தகடு பளபளவென்று ஆயிற்று, நம்பரைத்தான் காணோம்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "யார் சார் தேய்க்கச் சொன்னது? இனிமே வண்டிக்கு அடியில, சேஸிஸ்ல அடிச்ச நம்பர்தான் கதி."

அரை நாள் மல்லாக்கப் படுத்து, வாயெல்லாம் துரு விழுந்து, ஒருவழியாக அதைக் கண்டுபிடித்தார் ஸ்டோர்கீப்பர். மியூசியத்துப் பரிசோதகர் வந்து தன் தடிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"இந்த சேஸிஸ் அறுபத்தெட்டுல செஞ்சது. நீங்க அறுபத்தாறுன்னு எழுதியிருக்கீங்க. நடுவுல யாரோ சேஸிஸை மாத்தியிருக்காங்க. ஒரிஜினல் இல்லேன்னா எங்களுக்கு வேண்டாம்."

"சார், நான் பொறந்தப்போ வாங்கின வண்டி! ஆஸ்பத்திரியிலேர்ந்து என்னை இதுலதான் கூட்டிட்டு வந்தாங்க. நான் பொறந்தது அறுபத்தாறு. அப்போ வண்டியும் அறுபத்தாறுதானே?"

"அதைச் சத்தியம் பண்ணி எழுத்துல குடுங்க."

நோட்டரியிடம் போனார். பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டார் அவர். ஸ்டோர்கீப்பர் ஆபீஸுக்குப் போய், பிறந்த தேதி பதிந்திருக்கும் தன் சர்வீஸ் புத்தகத்தின் நகல் கேட்டார். காரணம் இல்லாமல் தரமாட்டேன் என்றார் கிளார்க். 'நானும் மேற்படி வண்டியும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தோம் என்று சத்தியமாகச் சொல்கிறேன்' என்ற பத்திரத்தில் ஒரு பிரதியை அங்கேயும் கொடுக்கவேண்டியதாயிற்று. ஆபீஸ் முழுக்க அதைப் படித்துச் சிரித்தது. அவருக்குப் பதில் ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த மேனேஜர்கூடச் சிரித்தார்.

பத்திரம் போதாது, படம் இருக்கிறதா என்றார் பரிசோதகர். மனைவி பீரோவைக் கவிழ்த்து ஒரு போட்டோவை எடுத்தாள். புத்தம்புது வண்டி, பக்கத்தில் கைக்குழந்தையோடு அப்பா. பின்பக்கம் அவர் கையெழுத்தில், 'இன்று இரண்டும் வீடு வந்து சேர்ந்தன.'

பரிசோதகர் லென்ஸை வைத்துப் பார்த்தார். "இந்த முன்பக்க கிரில்லே அறுபத்தெட்டுலதான் வந்தது. ஆமா, குழந்தை யாரு?"

"இவர்தான். அந்தக் காது வேற யாருக்கு இருக்கு?" என்றாள் மனைவி.

ஸ்டோர்கீப்பருக்கு அழுகை வந்துவிட்டது. "அப்போ வேண்டாம்னு சொல்லிடுவீங்களா சார்?"

"ஏன் சொல்லணும்? போட்டோல இருக்கற அதே கிரில், அதே நம்பர் பிளேட், சேஸிஸும் அதே வருஷம். யாரும் எதையும் மாத்தலை, நீங்கதான் வருஷத்தைத் தப்பா எழுதிட்டீங்க. அறுபத்தெட்டு மாடல், சுத்த ஒரிஜினல்! சர்டிபிகேட் தரேன்."

அவ்வளவுதானா என்று இருந்தது ஸ்டோர்கீப்பருக்கு. வண்டியை ஏற்றியனுப்ப ஒருநாள் லீவு கேட்டார். காரணம் கேட்பார்களே என்று சர்டிபிகேட் நகலையும் தானாகவே இணைத்தார்.

வண்டி போயிற்று. ஷெட்டைக் கழுவிக் கட்டிலைப் போட்டு, காலை நீட்டினார். முதுகில் ஒவ்வொரு எலும்பாக இடம்பிடித்து உட்கார்ந்தது. கண் சொக்கும் நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஆபீஸ் கிளார்க், வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"வாழ்த்துக்கள் சார்! உங்க சத்தியப் பத்திரத்தையும் வண்டி சர்டிபிகேட்டையும் மேனேஜர் சேத்து வெச்சுப் பாத்துட்டாரு. ஸ்கூல்ல சேக்கறப்போ உங்கப்பா வயசைக் கூட்டிச் சொல்லியிருக்காரு, நீங்களும் அறுபத்தெட்டு மாடல்தானாம், ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்காம்!"