சீலா மிதிக்க ஏலாத கிளச்

தன் காரைத் தன் மனைவியிடமிருந்து மீட்டே தீருவது என்று பாலையூற்றுச் சிறில் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் சவர்க்கார வாளியோடு நின்றபோதுதான்.

கார் அவனுடையது. அதில் சந்தேகமே இல்லை. ஜப்பானில் பிறந்து, இலங்கையில் வயசுக்கு வந்து, சிறிலின் கையில் வாலிபம் பெற்ற கார். வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று கோயில் புறா மாதிரி சாதுவாக நிற்கும். பொனற்றைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது புறா இல்லை என்று தெரியும். எஞ்சினுக்குள் காற்றை அடித்துப் பலம் கூட்டுகிற டேர்போவில் பழையதைக் கழற்றிப் பெரியது போட்டவன் சிறில். காற்றுக் குழாய்களை மாற்றியவன் சிறில். துறைமுகத்தில், மலை மாதிரியான கப்பல்களை முட்டித் தள்ளிக் கரையோடு அணைக்கிற இழுவைப் படகின் எஞ்சின் அறை அவனுடைய பொறுப்பு. அங்கே எஞ்சின்கள் அவன் சொல் கேட்கும். அந்தப் பெருமையை அவன் வீட்டுக்கும் கொண்டுவருவான். வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டியிருந்தது.

சீலாவுக்கு பிசியோதெரபி வேலை. கப்பல்துறைப் பக்கம் ஒரு சிகிச்சை நிலையத்துக்கு மாற்றம் கிடைத்தபோது, "மழையாக் கிடக்குதப்பா, இண்டைக்கு மட்டும் காரைக் கொண்டு போறன்" என்றாள். அடுத்த நாள் வெயில் என்று கொண்டுபோனாள். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் திருகோணமலையில் ஒரு நாள் எங்கே இருக்கிறது? சிறிலுக்குத் துறைமுக பஸ் சந்திக்கே வரும். ஆகவே கார் சீலாவோடு போனது. போனது போனதுதான்.

வாரம் முழுதும் அவள் ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை இவன் கழுவுவான். கழுவிவிட்டு ஆசைக்கு ஒருதரம் உள்ளே ஏறினால் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்கும். பின்பக்கக் கண்ணாடியில் ரோட்டுத் தெரியாது, வானம் தெரியும். ஆசனத்தைப் பின்னால் தள்ளினால் வீட்டுக்குள்ளேயிருந்து சீலாவின் குரல் வரும்.

"இஞ்சருங்கோ, சீற்றை அசைக்காதேங்கோ! நாளைக்கு எனக்குத் திருப்பிச் சரிப்பண்ண நேரம் இல்லை!"

அந்தக் குரலைக் கேட்டுத்தான் அன்று வாளியைக் கீழே வைத்துச் சபதம் எடுத்தான். ஆனால் வழி? அது அவனுக்குத் தெரியவில்லை. வழியைக் கொண்டுவந்து கொடுத்ததும் சீலாதான்.

"கார் இப்ப கொஞ்ச நாளாச் சத்தம் மட்டும்தான் போடுதப்பா. வேலை ஒண்டும் நடக்கேல்லை" என்றாள், பிட்டைப் பரிமாறியபடி.

"என்ன மாதிரிச் சத்தம்?"

"நீங்கள் வீட்டில போடுற மாதிரி."

சிறில் அதைக் கேளாதவன்போல விட்டுவிட்டு விசாரித்தான். மூன்றாம் கியரில் ஊன்றி மிதித்தால் எஞ்சின் கத்துகிறதாம், கார் ஓடமாட்டேன் என்கிறதாம், ஏதோ எரிந்த மணமும் வருகிறதாம்.

"கிளச் வழுக்குது" என்றான் சிறில். "நீர் பாதிக் கிளச்சில காலை வச்சுக்கொண்டு ஓடியிருப்பீர்."

"நீங்கள் அளவுக்கு மிஞ்சி டேர்போ போட்டிருப்பீங்கள்" என்றாள் சீலா.

கண்டி வீதியில் கராஜ் வைத்திருக்கிற இக்ராம், காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இருவருக்கும் நோகாமல் தீர்ப்புச் சொன்னான். "ஓட்டினதுல பிழை இல்ல. கிளச்லயும் பிழை இல்ல. இந்த எஞ்சின்ட பலத்தப் பிடிச்சு வைக்க பழைய கிளச்சால ஏலா. அவ்வளவுதான் அண்ணன்."

பிறகு மூன்று கிளச் தட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். முதலாவது கொம்பனி காரோடு கொடுக்கிற சாதாரணம். அது போட்டால் மறுபடியும் இதே கதை. இரண்டாவதும் பார்வைக்கு அதே மாதிரித்தான், ஆனால் உரசுகிற பகுதி உறுதி கூடியது, அழுத்துகிற தகடும் இறுக்கம் கூடியது. பலத்தையும் தாங்கும், மெதுவாகவும் பிடிக்கும். "நித்தம் ஓட்டுற காருக்கு நான் இதத்தான் சொல்லுவேன்" என்றான் இக்ராம்.

மூன்றாவது தட்டு முழுவட்டமாகவே இல்லை. நடுவிலிருந்து ஆறு இதழ்கள் விரிந்து, ஒவ்வொரு இதழின் நுனியிலும் ஒரு செங்கல் நிறத் துண்டு.

"இது ஆறு பட்டன் கிளச். ரேஸுக்குப் போடுறது. பாக்கப் பூ மாதிரி, கடிச்சா நாய் மாதிரி. மெல்ல மெல்லப் பிடிக்கிற கதையே இல்ல. ஒண்டில் பிடிக்கும், இல்லாட்டி விடும். மிதியும் நல்ல பாரம். டவுணுக்குள்ள நிண்டு நிண்டு போறவங்களுக்குச் சரிவராது."

சீலா அதைக் கையில் எடுத்தாள். சுட்டதுபோல உடனே கீழே வைத்தாள்.

"ஐயோ, இது வேண்டவே வேண்டாமப்பா! நடுவில கிடக்கிறதைப் போடுவிப்பம். இதைப் போட்டா நான் எப்பிடி ஓடுறது? என்ர கால் கழண்டு போகும்."

சிறிலின் மூளைக்குள் ஒரு கியர் விழுந்தது.

அடுத்த நாள் இழுவைப் படகின் பின்தட்டில் நின்று இக்ராமுக்கு ஃபோன் எடுத்தான். "இக்ராம், ஆறு பட்டனையே போடும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா அண்ணன்? அக்காக்கு ஏலாதே?"

"அக்காவுக்கு ஏலாது எண்டபடியால்தான் சொல்லுறன்!"

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. இருமலா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாதபடி படகின் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. எதுவானாலும் சிறிலுக்குக் கவலையில்லை. கண் முன்னே உட்துறைமுகம் முழுதும் அவனுக்காகவே விரிந்து கிடந்தது. ஒரு நல்ல கணவன் மனைவியோடு சண்டை பிடிப்பதில்லை, பொருத்தமான உதிரிப் பாகத்தைத் தெரிவு செய்கிறான் என்று எண்ணி அவன் தன்னையே மெச்சிக்கொண்டான்.

வீட்டில் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, "நடுக் கிளச் முடிஞ்சுதாம். ஆறு பட்டன்தான் இருக்காம்" என்றான்.

சீலா பெருமூச்சு விட்டாள். "என்ன செய்யிறது? உங்கட விருப்பம். கார் உங்கடதானே."

கார் உங்கடதானே! எத்தனை காலத்துக்குப் பிறகு காதில் விழுந்த சொல்! அப்போதாவது அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் இரண்டு குழல் பிட்டுத்தான் உள்ளே போனது.

வேலை முடிந்து காரை எடுத்துவரப் போனான். இக்ராம் ஒரு புத்திமதியும் சேர்த்துக் கொடுத்தான். "புதுத் தட்டு அண்ணன். கொஞ்சக் காலத்துக்கு ஊருக்குள்ள மெதுவா ஓட்டிப் பழக்கணும். அது வரைக்கும் முழு டேர்போ கேக்காதீங்க."

சிறில் கிளச்சை மிதித்தான். மிதி அவனைத் திருப்பி மிதித்தது. பல்லைக் கடித்து அமத்தி, மெல்ல மெல்ல விட்டான். கார் பேய் பிடித்ததுபோல ஆடி, ஒரு பாய்ச்சல் பாய்ந்து, நின்றது. மறுபடியும் ஸ்டார்ட். மறுபடியும் ஆட்டம், பாய்ச்சல், நிறுத்தம். கண்டி வீதியில் அவனுக்குப் பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டன. பாணும் பணிஸும் விற்கிற ஓட்டோ ஒன்று தன் பாட்டை ஒலித்தபடியே அவனை நிதானமாக முந்திக்கொண்டு போனது. விற்கிற மனிதர் போகிற போக்கில் கேட்டார், "பழகுறீங்களோ தம்பி?"

வீடு வந்து இறங்கும்போது இடது தொடை தனியாக நடுங்கியது. ஆனால் மனம் நிறைந்திருந்தது. தனக்கே இந்தப் பாடு என்றால் சீலாவுக்கு?

"எப்பிடியிருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"பஞ்சு" என்றான், நடுங்குகிற காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்தபடி.

"அப்ப நாளைக்கு நான் கொண்டு போறன்."

"தாராளமா!"

இப்படி ஒரு வெற்றிக்குச் சாட்சி வேண்டாமா? பக்கத்து வீட்டுக் கனகசுந்தரத்தைக் காலையில் தேநீருக்குக் கூப்பிட்டுவிட்டான். துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சங்கதி அவர் காதில் விழுந்தால் மத்தியானத்துக்குள் பாலையூற்று முழுதும் அது உலாவி வந்துவிடும். சிறிலின் வளவிலிருந்து ரோட்டுக்கு ஏற, வாய்க்காலுக்கு மேலால் ஒரு மதகு உண்டு, ஆமை முதுகு மாதிரி. நிறுத்தி, பின்பக்கமாக ஏற்றி, திருப்பி எடுக்கவேண்டும். புதுக் கிளச்சோடு அதில் ஏறுவது இந்த ஊரில் எவராலும் முடியாத காரியம் என்று சிறில் முந்திய நாளே கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

சீலா ஏறினாள். கண்ணாடியைப் பார்த்துக் கூந்தலைச் சரிசெய்தாள். எஞ்சின் ஒருதரம் மெல்ல உறுமியது. கார் மதகில் ஏறியது, ரோட்டில் வளைந்தது, கையசைத்தது. கையசைத்தது சீலாதான், ஆனால் காரும் சேர்ந்து அசைத்ததுபோலத்தான் சிறிலுக்கு இருந்தது. ஒரு குலுக்கல் இல்லை. ஒரு ஆட்டம் இல்லை.

கனகசுந்தரம் தேநீரை உறிஞ்சினார். "தம்பி, வழுக்கிக்கொண்டு போறமாதிரிப் போகுதே. கிளச் இன்னும் திருத்தேல்லையோ?"

இரவோடிரவாக இக்ராம் வந்து வேறு கிளச்சை மாற்றிப் போட்டுவிட்டானோ என்று சிறிலுக்குத் தோன்றியது. பின்னேரம் சீலா வந்ததும் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு தானே ஏறினான். அதே மிதி. அதே நாய்க்கடி. மதகில் ஏறி, ஆடி, நின்று, பின்னால் உருண்டு, திரும்ப மிதிக்கிற அவசரத்தில் முழங்காலுக்குள் எதுவோ சுளீரென்றது. மதிலுக்கு மேலால் கனகசுந்தரத்தின் தலை தெரிந்தது.

சீலா அவனைக் கதிரையில் இருத்தி, காலைத் தன் மடியில் தூக்கி வைத்து விரலால் அமத்தினாள்.

"இதில நோகுதே?"

"இல்லை."

"இதில?"

"ஆஆ!"

"முழங்கால் சிரட்டைக்குக் கீழ வீங்கியிருக்கு. இனிக் கிளச் மிதிக்கக்கூடாது."

"எப்ப வரைக்கும்?"

"நோ மாறுமட்டும்."

"நோ எப்ப மாறும்?"

"கிளச் மிதியாட்டி மாறும்."

வைத்தியம் பார்க்கிறவளையே கட்டிக்கொண்ட மனிதன் வேறு எவரிடம் போய் முறையிடுவது? காலையும் மாலையும் கூடத்தில் மல்லாந்து படுத்து, கணுக்காலில் சீனிப் பை ஒன்றைக் கட்டி, சீலா எண்ண எண்ணக் காலைத் தூக்கி இறக்கினான். காரோ ஒரு நோவும் இல்லாமல் கப்பல்துறைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. புதுத் தட்டு பதமாகப் பழகிக்கொண்டிருந்தது. ஊரும் பழகிவிட்டது. துறைமுக பஸ்ஸில் ஏறினால், "சிறில், உன்ர மனிசி கார் எடுக்கிற எடுப்பைப் பாத்தன். எங்கட ட்ரைவர்மாருக்கு ஒருக்காக் காட்டிக் குடுக்கச் சொல்லன்" என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதைச் சொல்லாத நாளில் ஏனோ பஸ் பயணம் சப்பென்றிருந்தது.

இக்ராம் இனி முழுப் பலமும் கேட்கலாம் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் சீலா சொன்னாள், "ஏறுங்கோ. நீங்கள் இல்லாமல் அதைச் செய்து பாக்க எனக்கு மனமில்லை."

கண்டி வீதியில், கப்பல்துறை தாண்டி, ஒரு வாகனமும் இல்லாத நேர்ப் பாதை. மூன்றாம் கியர். சீலா முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு ஊன்றி மிதித்தாள்.

டேர்போ சீறியது. சிறிலின் முதுகு ஆசனத்தோடு ஒட்டியது. எஞ்சினின் ஒவ்வொரு துளிப் பலமும் சில்லுக்கு இறங்கியது. ஒரு வழுக்கல் இல்லை, ஒரு மணம் இல்லை. எத்தனை வருடம் கையெல்லாம் கிறீஸாகக் கிடந்து அவன் கட்டிய பலம் அது. முழுதாக அன்றுதான் அதை உணர்ந்தான்.

"பிடிச்சிட்டுது!" என்று கத்தினான்.

"எனக்கும் பிடிச்சிட்டுது" என்றாள் சீலா, வேகத்தைக் குறைத்தபடி. "முதல்தரம் ஓடேக்குள்ளயே பிடிச்சிட்டுது."

"மதகில ஏத்தின அண்டைக்கோ?"

"அதுக்கு முதல். இக்ராமின்ர கராஜுக்குப் பின்னால ஒரு வெளி கிடக்கெல்லே. அவற்ர ரேஸ் காரிலயும் இதே ஆறு பட்டன்தான். நாங்கள் ரெண்டுபேரும் கிளச் பாக்கப் போறதுக்கு முதல் கிழமை, வேலை முடிஞ்சு வரேக்க ஓடிப் பழகினனான். அது பலத்தில இல்லையப்பா. பாதியில காலை வச்சுக்கொண்டு யோசிச்சாத்தான் அது குலுக்கும். ஒரு முடிவோட விட்டா ஒண்டும் செய்யாது."

சிறிலுக்கு இப்போது தலைக்குள் குலுங்கியது. "அப்ப கராஜில ஏன் வேண்டாம் வேண்டாம் எண்டனீர்?"

"வேணும் எண்டிருந்தா எடுத்திருப்பீங்களே?"

நேர்மையாக யோசித்துப் பார்த்தான். எடுத்திருக்கமாட்டான். நித்தம் ஓடுகிற காருக்கு ரேஸ் கிளச் எதற்கென்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்து, நடுக் கிளச்சைத்தான் வாங்கியிருப்பான்.

கோபம் வருமென்று காத்திருந்தான். வரவில்லை. பக்கத்தில் பார்த்தான். ஒரு கை ஸ்டியரிங்கில், மற்றக் கை கியரில், பூசைக்குக் கட்டிய சேலையோடு, தோணியைத் துறைக்குள் விடுகிறவள் மாதிரி அலட்டிக்கொள்ளாமல் இருந்தாள். மூதூரிலிருந்து நிலாவெளி வரைக்கும் தேடினாலும் இப்படியொரு காருக்கு இப்படியொருத்தி கிடைப்பாளா? காரைக் கட்டியது அவன். அவளைக் கட்டியதும் அவன்தானே. நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. அந்த நெஞ்சோடு, விட்ட இடத்தைப் பிடிக்கிற ஆவேசத்தில், அடுத்த திட்டத்தை அறிவித்தான்.

"இந்தக் கிளச் இன்னும் பெரிய டேர்போவையும் தாங்கும். போடப் போறன்!"

"ஐயோ, வேண்டவே வேண்டாமப்பா!" என்று நெஞ்சில் கைவைத்தாள் சீலா. "எனக்குப் பயமாக் கிடக்கு."

"நீர் என்ன சொன்னாலும் போடத்தான் போறன்" என்று சொல்லி, கையோடு இக்ராமுக்கு ஃபோன் எடுத்தான். "இக்ராம், இதைவிடப் பெரிய டேர்போ ஒண்டு எடுத்துத் தர ஏலுமோ?"

"அது வந்து கராஜில இருக்கு அண்ணன்" என்றான் இக்ராம். "இண்டைக்குப் பூசை முடிய நீங்க கேப்பீங்க எண்டு அக்கா போன மாசமே சொல்லி வச்சிருந்தா."