இங்கிலாந்துக்கு நான் வாங்கிக் கொடுத்த கோப்பை

கல்யாணமான முதல் வருஷத்தில், மாமனார் வீட்டில் நீங்கள் சொல்வதற்கெல்லாம் எல்லோரும் தலையாட்டுகிறார்கள் என்றால் உடனே எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அது மரியாதை இல்லை, சதி. இத்தனை வருஷம் யோசித்து நான் கண்டுபிடித்த உண்மை இது. (யோசித்தது நான் மட்டும்தான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.)

1974. எனக்கு வயது இருபத்தேழு. வீடு மேற்கு மாம்பலத்தில், வேலை அரசாங்கக் கணக்கு இலாகாவில். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. ஸ்டேஷன் படிக்கட்டை எண்ணுவேன், ரயில் பெட்டியை எண்ணுவேன், சாம்பாரில் விழுந்த முருங்கைக்காயை எண்ணுவேன். அந்தத் தை மாதத்தில்தான் மயிலாப்பூர் ஜெயாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். கல்யாணத்தில் குறை ஒன்றும் இல்லை. மாமனார் மட்டும் கால்பந்து நடுவராக இருந்தார்.

பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சனி, ஞாயிறுகளில் விசிலும் கையுமாக மைதானத்தில் நிற்பார். ஊதினால் ஊதினதுதான். சொந்தத் தம்பி பிள்ளையையே ஒரு ஆட்டத்தில் வெளியே அனுப்பி, தம்பி வீட்டுப் போக்குவரத்து நின்றுபோய், அதற்கும் அசையாதவர். அவர் வாயில் பொய் வராது என்று அவர் குழுவில் ஆடும் சைதாப்பேட்டைப் பையன்கள் சத்தியம் செய்வார்கள். அப்படிப்பட்டவருக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பந்தை உதைத்து, பந்து நின்ற இடத்திலேயே நிற்க, செருப்பை மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிய நான் மாப்பிள்ளை. தெருவில் போனால் பையன்கள், "ரெஃப்ரி சாரோட மாப்ளடா" என்று எழுந்து நிற்பார்கள். அந்த மரியாதை அவருக்கு உரியது, எனக்கில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. காலால் முடியாததைத் தலையால் சாதிப்பது என்று முடிவு செய்தேன். உலகக் கோப்பை வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மாமனார் உபசாரத்துக்காகக் கேட்டார்: "இந்தத் தடவை கோப்பை யாருக்கு, மாப்பிள்ளை?"

கேட்டிருக்கக் கூடாது. நான் விளக்கினேன். கோப்பையை இதுவரை வாங்கியவை ஐந்தே நாடுகள்: உருகுவே, இத்தாலி, மேற்கு ஜெர்மனி, பிரேசில், இங்கிலாந்து. ஆறாவது ஒரு நாடு வாங்கும் என்று நினைக்க ஆதாரம் கிடையாது. ஆகவே ஐந்தை மட்டும் ஆராய்ந்தால் போதும். உருகுவே சின்ன நாடு, ஆள் பற்றாது. இத்தாலி வாங்கியது யுத்தத்துக்கு முன்னால், அந்த ஆட்டக்காரர்களுக்கு இப்போது முட்டி வலி வந்திருக்கும். மேற்கு ஜெர்மனிக்குப் போட்டியை நடத்துகிற வேலையே தலைக்கு மேல். பெண் வீட்டார் பந்தியில் முதலில் உட்கார முடியுமா? பிரேசில் மூன்று முறை வாங்கியாகிவிட்டது, அலுத்திருக்கும். மிச்சம் யார்? இங்கிலாந்து. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் வேறு.

மாமனார் மோரை ஒரு வாய் குடித்துவிட்டு, "பேஷா யோசிச்சிருக்கேள்" என்றார். மாமியார், "இன்னொரு அப்பளம் போட்டுக்கோங்கோ" என்றார். மச்சினன் சுந்தர் மட்டும் ரசத்தில் புரையேறி, தலையாட்டிக்கொண்டே கொல்லைப்பக்கம் ஓடினான். எண்ணிப் பார்த்தேன். அந்த வீட்டில் ஜெயாவையும் சேர்த்துப் பதினொரு பேர், பதினொரு பேரும் தலையாட்டினார்கள். இதைவிடப் பெரிய ருசு என்ன வேண்டும்?

அதற்கப்புறம் அங்கே போகும்போதெல்லாம் இங்கிலாந்தைப் பற்றிப் பேசினேன். அவர்களும் ஒவ்வொரு தடவையும் அப்பளம் போட்டார்கள். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எனக்குக் கொடுக்கும் பேப்பரில் எப்போதும் நாலு பக்கம் குறைந்தது. (பக்கத்தை எண்ணாமல் நான் பேப்பரைத் தொடமாட்டேன்.)

"என்ன சுந்தர், நடுத்தாளைக் காணோம்?"

"கரண்ட் போச்சு அத்திம்பேர், விசிறிக்க எடுத்துண்டேன்."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் நான் பார்த்தேன். பார்த்து என்ன?

ஆபத்து மாமியார் வழியாக வந்தது. "மாப்பிள்ளை இவ்வளவு அழகாப் பேசறாரே, உங்க கிளப் பசங்களுக்கு ஒரு நாள் சொல்லப்படாதோ?" என்று மாமனாரிடம் கேட்டார். சைதாப்பேட்டையில் மாமனார் தலைவராக இருந்த கால்பந்துக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உலகக் கோப்பைக்கு முன்னால் எல்லோரும் கூடி, ஜெயிக்கக்கூடியவர்களை எடை போடுவார்கள். கடைசியில் மாமனார் எழுந்து தீர்ப்புச் சொல்வார். போன தடவை பிரேசில் என்றார், அப்படியே நடந்தது. அதிலிருந்து அவர் தீர்ப்புக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. அந்தக் கூட்டத்தில்தான் என்னைப் பேசச் சொன்னார் மாமியார்.

மாமனார் இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று. நான், "எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெயா மெதுவாக ஆரம்பித்தாள். "ஏன்னா, கூட்டத்துல இங்கிலாந்தைப் பத்தி ரொம்பப் பேச வேண்டாமே."

"ஏன்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "உங்களுக்குத் தொண்டை கட்டிக்கும்."

மனைவியின் அக்கறையில் நெகிழ்ந்துபோய், பனங்கற்கண்டு வாங்கி வைத்துக்கொண்டு, இங்கிலாந்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் கூட்டினேன்.

கூட்டம் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில். ஞாயிறு மாலை நாலு மணி. நாற்பத்திரண்டு பேர், பெஞ்சுக்கு ஆறாக. மாமனார் நடுநாற்காலியில் விசிலோடு. ஓரத்தில் ஜெயா, மாமியார், சுந்தர். பின்னால் மேஜையில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய போண்டா, இடைவேளைக்காக.

முதல் பதினைந்து நிமிடம் என் வாழ்க்கையின் பொற்காலம். உருகுவேயை ஒதுக்கினேன், இத்தாலியைக் கழித்தேன், பிரேசிலுக்கு அலுப்பு வரவழைத்தேன். மேற்கு ஜெர்மனியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். (இதைத் தயவு செய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) ரெஃப்ரி சார் மாப்பிள்ளை என்பதால் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு இங்கிலாந்துக்கு வந்தேன். அவர்களுடைய தற்காப்பைப் புகழ்ந்தேன், குளிரைப் புகழ்ந்தேன், அவர்கள் சாப்பிடும் உருளைக்கிழங்கைப் புகழ்ந்தேன். அறையில் ஒரு மாதிரியான அமைதி வந்தது. கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது பெஞ்சில் கை உயர்ந்தது. குழுவின் கோல்கீப்பர், கன்னியப்பன். நல்ல உயரம், நல்ல குரல்.

"சார், தப்பா நெனச்சிக்காதே. ஒரு டவுட்டு. இந்த இங்கிலாந்து எந்த குரூப்புல கீது?"

பதினாறு அணிகள், நாலு பிரிவுகள் என்பது எனக்குத் தெரியும். "மூன்றாவது பிரிவு" என்றேன், கம்பீரமாக.

"மூணாவதுல ஹாலந்து, ஸ்வீடன், பல்கேரியா, அப்பால நீ சொன்னியே உருகுவே. நாலு சீட்டும் ஃபுல்லு நைனா."

"அப்படியானால் நாலாவது."

"அதுல இத்தாலி, அர்ஜென்டினா, போலந்து, ஹைதி. ஸ்டாண்டிங் கூட கெடியாது."

சிரிப்பு கிளம்பியது. "முதல் பிரிவாக இருக்கலாம்" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அங்க ரெண்டு ஜெர்மனியும் ஒரே வூட்டுல மல்லுக்கட்டிகினு கீது. சிலியும் ஆஸ்திரேலியாவும் வேற. சார், உன் இங்கிலாந்து வர்லியே! போன வருசமே போலந்துகாரன் கதவ சாத்திட்டான்!"

அப்போதாவது நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஜெயா இன்றுவரை சொல்கிறாள். எப்படி உட்காருவது? இரண்டாவது பிரிவு பாக்கி இருந்ததே! அதில் யார் யார் என்று கேட்டேன். பிரேசில், யூகோஸ்லாவியா, ஆப்பிரிக்காவிலிருந்து ஜயர், ஸ்காட்லாந்து என்றான். விட்டேனா?

"ஸ்காட்லாந்து எங்கே இருக்கிறது? இங்கிலாந்து இருக்கிற அதே தீவில்தானே? வரைபடத்தைப் பாருங்கள்! நடுவில் கடல் இருக்கிறதா? ஒரு கால்வாயாவது இருக்கிறதா? ஆகவே ஸ்காட்லாந்து வந்தால் இங்கிலாந்து வந்த மாதிரிதான்!"

பெஞ்சுகள் அதிர்ந்தன. "அப்ப நாங்கோ சைதாப்பேட்டைல ஜெயிச்சா கப்ப மயிலாப்பூருக்குத் தூக்கினு போயிடுவியா?" என்றது ஒரு குரல். "எங்க எல்லைக்குள்ள ஒரு அடி வெச்சுப் பார்க்கட்டும்!" என்றது இன்னொன்று. நான் கடலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் மாமனார் பக்கம் திரும்பினான். "சார், நீ சொல்லு. நீ சொன்னா நாங்கோ கேட்டுக்கிறோம். இங்கிலாந்து கீதா, இல்லியா?"

நாற்பத்திரண்டு தலைகளும் அவரைப் பார்த்தன. மாமியாரும் பார்த்தார், அது வேறு பார்வை. இல்லை என்று சொன்னால் கல்யாணமாகி நாலே மாதமான மாப்பிள்ளையை ஊர் நடுவில் கவிழ்த்ததாகும். இருக்கிறது என்றால் அந்தப் பையன்கள் இனி அவர் விசிலுக்கு நிற்கமாட்டார்கள். பெரியவர் நெற்றியில் வியர்வை அரும்பியதை நான் பார்த்தேன். அப்போதுகூட அவர் என் பக்கம் தீர்ப்புச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

"இடைவேளை" என்றார். "எல்லாரும் போண்டா சாப்பிடுங்கோ."

இதைவிட அநியாயம் உண்டா? பேச்சுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனது இருபத்து மூன்று. எந்த விதிப்புத்தகத்தில் இருபத்து மூன்றாவது நிமிடத்தில் இடைவேளை இருக்கிறது? அதோடு, இடைவேளை என்று ஒன்று விட்டால் பிற்பாதி என்று ஒன்று இருக்க வேண்டாமா? போண்டா தீர்ந்தது, காப்பி தீர்ந்தது, பையன்கள் பெஞ்சை அடுக்கினார்கள். பிற்பாதிக்கு விசில் ஊதவே இல்லை. போகிற போக்கில் கன்னியப்பன் என் தோளைத் தட்டி, "பேஜாராவாத சார். ஷோக்கா பேசின. வராத டீமுக்கே இவ்ளோ பேசினியே, வந்த டீமுக்கு இன்னா பேசுவ!" என்றான். ஆறுதல் சொல்கிறானாம்.

மயிலாப்பூர் வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் நடுவில் நின்று விசாரணையைத் தொடங்கினேன். முதலில் ஜெயா.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே. இங்கிலாந்து வெளியே போன அன்னிக்கு அப்பா ராத்திரி சாப்பிடவே இல்லை."

"சொல்லப்படாதோ?"

"நீங்க ஆசையாச் சொல்லிண்டிருந்தேள். கேட்டுண்டிருந்தோம்."

சுந்தர் உள்ளே போய் ஒரு கட்டுத் தாளைக் கொண்டு வந்து வைத்தான். எனக்கு வராத விளையாட்டுப் பக்கங்கள், ஒன்று விடாமல். "அத்திம்பேர் மனசு கஷ்டப்படுமேன்னு எடுத்து வெச்சேன்" என்றான். பதினொரு பேருக்கும் தெரிந்திருக்கிறது. சரியாக ஓர் அணி! பதினொரு பேரும் ஒருவர் குறையாமல் எனக்கு எதிராக ஆடியிருக்கிறார்கள், அதுவும் அப்பளம் போட்டுக்கொண்டே.

மாமனாரிடம் கேட்டேன். "நீங்களுமா, மாமா? பொய்யே சொல்லமாட்டேள் என்கிறார்களே!"

"நான் எங்கே பொய் சொன்னேன்? பேஷா யோசிச்சிருக்கேள்னுதானே சொன்னேன்? நன்னாத்தான் யோசிச்சிருந்தேள்." கொஞ்ச நேரம் விசிலைத் துடைத்தார். "மாப்பிள்ளை, முதல் வருஷம் மாப்பிள்ளை சொன்னதை மறுத்துப் பேசற வழக்கம் எங்காத்துல கிடையாது. இன்னும் எட்டு மாசம் இருக்கு. அப்புறம் சொல்லியிருப்பேன்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த தை மாதம், எங்கள் கல்யாண நாள் கழிந்த மறுநாள் காலை, மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உட்கார்ந்தார், காப்பி குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, இங்கிலாந்து அந்தப் போட்டியில ஆடலை. ஸ்காட்லாந்து வேற, இங்கிலாந்து வேற. வரட்டுமா?"

எழுந்து போய்விட்டார். மாசக்கணக்கில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி, தெருமுனை வரைக்கும் அவ்வளவு லேசாக நடந்தார்.

கோப்பையை வாங்கியது மேற்கு ஜெர்மனி. நான் சொன்ன ஐந்தில் ஒன்று! என் முறையில் என்ன தப்பு? அதை நான் பிற்பாதிக்கு வைத்திருந்தேன், இவர்கள் பிற்பாதியே நடத்தவில்லை. வெளியே சொல்லிப் பாருங்கள், யாராவது ஒப்புக்கொள்கிறார்களா? மாமனாருக்குப் பின் அந்த விசில் சுந்தரிடம் போயிற்று. இன்றும் கல்யாணமோ சீமந்தமோ, நான் எதைப் பற்றியாவது வாயைத் திறந்தால் பந்தலின் எந்த மூலையிலிருந்தாவது விசில் கேட்கும். "இடைவேளை!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். பாதிப் பேர் பிறந்தேகூட இல்லை, கதை மட்டும் தெரியும்.

என் பெண்ணுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை முதல் முறை விருந்துக்கு வந்தார். படித்த பையன். சாப்பாட்டில் பேச்சு கால்பந்துக்குப் போயிற்று. "எழுபத்து நாலுல ஹாலந்துதானே மாமா ஜெயிச்சுது?" என்றார், பாயசத்தைக் கலக்கிக்கொண்டே.

ஜெயா என்னைப் பார்த்தாள். சுந்தரின் கை சட்டைப்பைக்குப் போனது. எழுபத்து நாலில் யார் ஜெயித்தார்கள் என்பதை இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவன்? தொண்டை வரைக்கும் மேற்கு ஜெர்மனி வந்துவிட்டது.

"பேஷா ஞாபகம் வெச்சிருக்கேள்" என்றேன். "ஜெயா, மாப்பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் போடு."

அன்று ராத்திரியே காலண்டரை எடுத்து எண்ணினேன். இன்னும் பதினொரு மாதம்.