ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பூந்தமல்லிப் பக்கம் நூம்பலில் ஒரு பிளாட்டின் இரண்டாம் மாடியில் இருந்தவர்கள்: தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த திருமுருகன், சோபாவிலிருந்து அவனை முறைத்துக்கொண்டிருந்த மனைவி நிவேதிதா, சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவன் அம்மா சாவித்திரி, அப்புறம், திருமுருகன் மடியில் ஒரு கன்சோல். அதையும் ரேஷன் கார்டில் சேர்த்துவிடலாம் என்பது நிவேதிதாவின் கருத்து.

இரண்டு கைக்குள் அடங்குகிற விளையாட்டுக் கருவி அது. கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, தனக்கு வேண்டிய மென்பொருளை அவனே ஏற்றியிருந்தான். ஏற்றியதிலிருந்து அதில் அவன் விளையாடியது மொத்தம் நான்கு மணி நேரம் இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் அதைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"விளையாடினாக்கூட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றாள் நிவேதிதா. "மூணு சனிக்கிழமையா ரிப்பேர்தானே பண்றீங்க?"

"பழைய மெமரி கார்டு ரொம்பிடுச்சு நிவி. வெறும் அறுபத்து நாலு ஜிபி. இன்னிக்கு ஐந்நூத்துப் பன்னெண்டு போட்டுட்டேன்னா முடிஞ்சுது. அப்புறம் அதைத் தொடவே மாட்டேன்."

"தொடவே மாட்டீங்கன்னா அது எதுக்கு?"

நிவேதிதா போனை எடுத்தாள். பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அவன் நண்பன் ராஷித்தைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ராஷித் அண்ணே, இந்த கேம் பெட்டியை ரொம்ப நாளாக் கேட்டுட்டிருந்தீங்கல்ல? சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க. அதுக்குள்ள இவரு ஓட வச்சுட்டா உங்களுக்கு டீ. ஓடலேன்னா பெட்டியே உங்களுக்கு."

"டீ வேணாம் தங்கச்சி," என்றான் ராஷித்.

எட்டு மணி நேரம் இருந்தது. யூடியூபில் ஒரு ஆள் இதைப் பத்து நிமிஷத்தில் செய்து காட்டியிருந்தான். திருமுருகன் கவலைப்படவில்லை.

புதுக் கார்டு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. இழுத்துப் பார்த்தான். கடித்துப் பார்த்தான்.

"பல்லை உடைச்சுக்காதே. இங்க குடு, கத்திரி என்கிட்டதான் இருக்கு," என்றாள் சாவித்திரி.

இரண்டு நிமிஷத்தில் ஒரு எவர்சில்வர் மூடியில் கார்டு வந்து சேர்ந்தது. சுண்டுவிரல் நகமளவு, கறுப்பாக.

"தொலைச்சுடாதே. உளுந்தோட விழுந்தா கண்டே பிடிக்க முடியாது."

கன்சோலில் செருகினான். திரையில் வந்தது: கார்டு இல்லை.

எடுத்தான், ஊதினான், செருகினான். கார்டு இல்லை. மறுபடி எடுத்தான், அழுத்திச் செருகினான். இப்படிப் பதினோரு தடவை. கடைசியில் அலுத்துப்போய்ப் பழைய கார்டையே திரும்பப் போட்டான். நேற்று ராத்திரிவரை ஒழுங்காக ஓடிய கார்டு.

கார்டு இல்லை.

"ஓடுதா?" என்றாள் நிவேதிதா.

"ஓடும்."

"இருந்ததும் போச்சா?"

"ஓடும்னு சொல்றேன்ல."

அதையும் உருவிப் புதுக் கார்டோடு மூடியில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். புதுக் கார்டை அதில் செருகி ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்று இணையத்தில் நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். செருகினான். லேப்டாப் கொஞ்சம் யோசித்துவிட்டு, இதில் இருப்பதைப் படிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினான். நாற்பது சதவீதத்தில் அதுவும் நின்றது. கார்டை உருவிப் பார்த்தான்.

அறுபத்து நாலு என்று போட்டிருந்தது.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. இரண்டு வருஷமாகச் சேர்த்த அத்தனை விளையாட்டும் போய்விட்டது. திருமுருகன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் சோபாவுக்குக் கேட்கும்.

புதுக் கார்டு போலி என்று முடிவு கட்டினான். அப்படி முடிவு கட்டினால்தான் அடுத்த வேலை பார்க்க முடியும். பதினைந்து நிமிஷத்தில் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் ஆப் ஒன்றில் இன்னொரு ஐந்நூற்றுப் பன்னிரண்டு கேட்டான். வந்தது. அதே கெட்டி உறை. அதே கத்திரி. அதே எவர்சில்வர் மூடி.

"இதுவாவது ஓடட்டும்டா," என்றாள் சாவித்திரி.

கார்டு இல்லை.

இரண்டரை மணிக்கு, வேலப்பன்சாவடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜீவா பையோடு வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, லீவு நாள்ல கறி துன்னுட்டுப் படுக்காம இத்தப் போய் நோண்டிகினு கீற?"

"முதல்ல கார்டைப் பாரு. டூப்ளிகேட்டா சொல்லு."

ஜீவா கார்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். "சே, ஒரிஜினல் சரக்கு. டூப்ளிகேட்னா இந்தக் கோடெல்லாம் வெளுத்துக் கெடக்கும். இங்க பாரு, தங்கம் எப்டி மஞ்சளா கீது! கோளாறு பொட்டிலதான். கயட்டணும்."

"கழட்டினா திரும்ப மாட்டிடுவியா?"

"இன்னா பேச்சு பேசற நீ?"

கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்தான். எதையோ தூக்கினான்.

"அண்ணாத்தே, இங்க ஒண்ணு தொங்குதே, இது முன்னாடியே தொங்குச்சா?"

"நான் எப்படிப்பா பார்ப்பேன்? நீதானே இப்ப திறந்தே."

"அப்போ முன்னாடியே தொங்கினு இருந்துச்சு."

திரும்ப மூடியபோது கன்சோலில் திரை எரிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. தரையில் இரண்டு திருகாணி கிடந்தது.

"இது எதோடது?"

"கம்பெனிக்காரன் எச்சாப் போட்டு வச்சுக்கீறான்."

கார்டு மட்டும் அப்படியே, இல்லை. ஜீவாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் போனிலிருந்த கார்டைக் கழற்றினான். "இது மூணு வருசமா ஓடற கார்டு. இது ஓடலேன்னா பொட்டி காலின்னு அர்த்தம்." கன்சோலில் திணித்தான். ஓடவில்லை. உருவித் தன் போனில் திரும்பப் போட்டான். போன் சொன்னது: கார்டு இல்லை.

ஜீவா எழுந்து நின்றான்.

"என்னுதையும் கொன்னுடுச்சு அண்ணாத்தே! என் மச்சினிச்சி கண்ணாலப் போட்டோ முழுக்க இதுல கீது!"

"இன்னொரு தடவை செருகிப் பாரேன்."

"இனிமே அதுங்கிட்ட ஒண்ணும் குடுக்க மாட்டேன். கிட்ட போறதெல்லாம் காலி பண்ணுது!" பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பைப் பாதி மாட்டியபடியே கீழே ஓடினான்.

நிவேதிதா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலேகால். திருமுருகன் மறுபடி ஊத ஆரம்பித்தான்.

ராஷித் ஐந்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து, வாசலில் நின்று மணி பார்த்து, சரியாக ஐந்துக்கு பெல் அடித்தான். நியாயமான ஆள்.

"ஓடுதா மச்சான்?"

"ஒரே ஒரு மணி நேரம் குடுடா."

"நான் ஒரு வருசங்கூடக் குடுப்பேன். தங்கச்சி குடுக்குமா கேளு."

தங்கச்சி ஒரு துணிப்பையோடு தயாராக நின்றாள். கன்சோல், சார்ஜர், மூன்று கார்டு, இரண்டு திருகாணி எல்லாம் பைக்குள் போயின. திருமுருகனின் கட்டை விரலை மட்டும் கன்சோலிலிருந்து தனியாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"இப்ப இதுல சத்தமும் வராது அண்ணே. முன்னாடியே சொல்லிடறேன்."

"எங்க ஊட்ல சத்தம் போடாத பொருள் ஒண்ணாவது இருக்கட்டும்," என்றான் ராஷித். திருமுருகனைத் தோளில் தட்டினான். "மனசுல வச்சுக்காத மச்சான். நல்லாப் பாத்துக்கறேன்." பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

திருமுருகன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். இல்லாத கன்சோலைப் பிடித்தபடி இரண்டு கையும் மடியில் இருந்தன.

சாவித்திரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"போனாப் போகுது விடுடா. நானும் என்னால ஆனதைச் செஞ்சேன். புதுப் பொருளாச்சேன்னு உறையைப் பிரிச்சதுமே சந்தனம் வச்சுத்தான் குடுத்தேன். பேரு போட்ட பக்கம் அழகு கெட்டுடும்னு, பின்னாடி அந்தத் தங்கக் கோட்டு மேலயே வச்சு, தெரியாத மாதிரி முந்தானையால தேய்ச்சும் விட்டேன். மொதல்லது ஓடலியேன்னு ரெண்டாவதுக்கு நல்லா அழுத்தியே வச்சேன்."

கீழே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"ராஷித்! டேய் மச்சான்! துடைச்சாப் போதும்டா!" திருமுருகன் வெறுங்காலோடு படியில் பாய்ந்தான்.

நிவேதிதா எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். பூட்டை இரண்டு சுற்று திருப்பிவிட்டு, மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.